188 கிலோ எங்கே போனது?

போன இதழில் வரைபடத்தின் பாகப் பட்டியலைப் பற்றி நான்கே நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு இந்த மாதம் வந்து குவிந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எடையைப் பற்றித்தான். கிலோ ரேட்டில் வேலை எடுக்கிற ஊரில் எடையைப் பற்றிப் பேச்செடுத்தால் யார் சும்மா இருப்பார்கள்! எல்லாவற்றையும் போட இடமில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, கடலூர் சிப்காட் பக்கத்தில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருக்கிறேன். ஒரு கம்பெனிக்குத் தண்ணீர்த் தொட்டி வைக்க எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண இரும்பு) ஸ்டாண்டு ஒன்று செய்து கொடுத்தோம். கிலோவுக்கு இவ்வளவு என்று பேச்சு. வரைபடம் போடுகிற ஆட்டோகேட் மென்பொருளின் டேபிளில் எட்டு உருப்படி போட்டு, கடைசிக் கட்டத்தில் 'சம்' ஃபார்முலா கொடுத்தேன், 345.15 என்று வந்தது. அதை அப்படியே பிரின்ட் எடுத்து ஆர்டரோடு சேர்த்துவிட்டார்கள். வேலை முடிந்து எடை மேடையில் ஏற்றினால் 540 காட்டுகிறது. கம்பெனிக்காரர், "உங்க டிராயிங்கிலேயே 345தானே இருக்கு, அதுக்குத்தான் பில் பாஸ் ஆகும்" என்கிறார். முதலாளி இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆட்டோகேடுக்குக் கூட்டத் தெரியாதா? பட்டியலை இணைத்திருக்கிறேன்.
(கடலூர் முதுநகர் வாசகர்)

பதில்: ஆட்டோகேடுக்குக் கூட்டத் தெரியும். எதைக் கூட்டாமல் விட்டது என்று சொல்லத்தான் தெரியாது.

இந்த மாதிரி சிக்கல் வந்தால் ஃபார்முலாவைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் ஒரு கழித்தல் போடுங்கள். 540இல் 345.15 போனால் 194.85. இப்போது பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, அந்தத் தொகைக்குப் பக்கத்தில் எந்த வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். உங்கள் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, மேல் தட்டு, 188.4 கிலோ. நான் உங்கள் டிராயிங் ஃபைலைப் பார்க்கவில்லை, நீங்கள் அனுப்பிய பிரின்ட்டைத்தான் பார்த்தேன். அதிலேயே திருடன் தெரிகிறான். மற்ற ஏழு வரியிலும் மொத்த எடை வெறும் எண்ணாக இருக்கிறது, மேல் தட்டு வரியில் மட்டும் "188.4 கேஜி" என்று இருக்கிறது.

மற்ற வாசகர்களுக்காகப் பட்டியலைச் சொல்லிவிடுகிறேன். கால் நான்கு, ஐ.எஸ்.எம்.சி. 100 சேனல் ('ப' வடிவ இரும்பு), 3 மீட்டர் நீளம், ஒன்று 28.68 கிலோ. மேல் சட்டத்துக்கு அதே சேனல் 2 மீட்டரில் நான்கு, ஒன்று 19.12. கால்களைக் குறுக்கே இணைக்கும் பிரேசிங் 50க்கு 50க்கு 6 ஆங்கிள் ('எல்' வடிவ இரும்பு), 2.4 மீட்டர், எட்டு, ஒன்று 10.8. காலுக்கு அடியில் வைக்கும் பேஸ் பிளேட் 250க்கு 250, 12 எம்.எம்., நான்கு. மூட்டுகளை இணைக்கும் தகடான கஸ்செட் 150க்கு 150, 8 எம்.எம்., பதினாறு. மேல் தட்டு 2 மீட்டருக்கு 2 மீட்டர், 6 எம்.எம்., ஒன்று. ஏணிக்கு 50க்கு 6 ஃபிளாட் 3.2 மீட்டரில் இரண்டு, படிக்கு 16 எம்.எம். ராடு 400 எம்.எம். நீளத்தில் பத்து.

எடை எடுத்த விதத்தில் தப்பே இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். சேனலுக்கு மீட்டருக்கு 9.56, ஆங்கிளுக்கு 4.5, தகட்டுக்கு ஒவ்வொரு எம்.எம். கனத்துக்கும் சதுர மீட்டருக்கு 7.85, ராடுக்கு விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தது, எல்லாம் சரி. ஒவ்வொரு வரியையும் எண்ணிக்கையால் பெருக்கி நானே பேனாவில் கூட்டினேன், 533.55 வருகிறது. அதில் மேல் தட்டின் 188.4ஐ எடுத்துவிட்டால் 345.15. பைசா பிசகாமல் உங்கள் டிராயிங்கில் வந்த அதே தொகை.

ஏன் அந்த வரி மட்டும்? மற்ற வரிகளில் எண்ணிக்கையையும் ஒன்றின் எடையையும் பெருக்க ஃபார்முலா போட்டிருக்கிறீர்கள். மேல் தட்டு ஒன்றுதான், ஒன்றால் பெருக்குவதற்கு எதற்கு ஃபார்முலா என்று கையால் தட்டிவிட்டீர்கள், தட்டும்போது பழக்க தோஷத்தில் "கேஜி"யும் சேர்ந்துவிட்டது. எண்ணுக்குப் பின்னால் எழுத்து ஒட்டினால் அந்தக் கட்டத்தை ஆட்டோகேட் எண்ணாக எடுத்துக்கொள்வதில்லை, அது வெறும் எழுத்து. இங்கேதான் ஒரு வினோதம். அந்தக் கட்டத்தை வைத்துப் பெருக்கியிருந்தால் உடனே கட்டம் முழுக்க #### என்று வந்து கத்தியிருக்கும், நீங்களும் பார்த்துத் திருத்தியிருப்பீர்கள். ஆனால் சம், ஆவரேஜ், கவுன்ட் மூன்றும் எண் இல்லாத கட்டத்தையும் காலிக் கட்டத்தையும் பேசாமல் தாண்டிப் போய்விடும். பெருக்கல் சண்டைக்கு வரும், கூட்டல் வாயே திறக்காது. அந்த மௌனத்தில்தான் உங்கள் 188 கிலோ போயிருக்கிறது.

திருத்துவது நிமிட வேலை. "கிலோ" என்ற சொல் நெட்டு வரிசையின் தலைப்பில் ஒரு தடவை இருந்தால் போதும், கட்டத்துக்குள் வேண்டவே வேண்டாம். இல்லை, ஒவ்வொரு எண்ணோடும் தெரிந்தால்தான் வாடிக்கையாளருக்குத் திருப்தி என்றால், கட்டத்தின் டேட்டா ஃபார்மட்டில் டெசிமல் என்று வைத்து, அடிஷனல் ஃபார்மட்டில் சஃபிக்ஸ் என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே போடுங்கள். பார்வைக்குக் கிலோ தெரியும், உள்ளே எண் எண்ணாகவே இருக்கும். அப்புறம், எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் ஃபார்முலாவே போடுங்கள். இன்றைக்கு ஒரு தட்டு, நாளைக்கு வாடிக்கையாளர் இரண்டு கேட்பார், எண்ணிக்கையை மாற்றுவீர்கள், கையால் தட்டிய எடை அப்படியே நிற்கும்.

இப்படி எழுத்தாகிப்போன கட்டத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வழி சொல்கிறேன். உங்கள் மொத்த எடை எஃப் என்ற நெட்டு வரிசையில் 3ஆம் கட்டத்திலிருந்து 10 வரை இருக்கிறது (1 பட்டியல் பெயர், 2 தலைப்பு). ஒரு காலிக் கட்டத்தில் தற்காலிகமாக =கவுன்ட்(எஃப்3:எஃப்10) என்று போடுங்கள். தமிழில் எழுதியது படிக்க வசதிக்காக, நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். எட்டு வர வேண்டும். உங்கள் பட்டியலில் ஏழுதான் வரும். பார்த்ததும் அழித்துவிடுங்கள். இன்னொன்று கண்ணாலேயே பார்க்கலாம்: ஃபார்முலா உள்ள கட்டத்தில் எண்ணுக்குப் பின்னால் திரையில் வெளிர் சாம்பல் நிறம் தெரியும், பிரின்ட்டில் வராது. மொத்த எடை வரிசையில் சாம்பல் இல்லாத கட்டம் எதுவோ அது யாரோ கையால் தட்டியது. சின்ன விஷயம்தான், ஆனால் வேறு ஒருவர் போட்ட பட்டியலைக் கையில் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஃபார்முலாவில் எதை மாற்றினாலும் ஒரு ரீஜென் (திரையைப் புதுப்பிக்கும் கட்டளை) கொடுத்துவிட்டு அப்புறம் மொத்தத்தைப் பாருங்கள்.

சரி, பில் விவகாரம். 540 என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். திருத்திய பட்டியல்படி 533.55, மேடைக்கும் அதற்கும் 6.45 கிலோ வித்தியாசம், சதவீதத்தில் 1.2. வெல்டிங், பெயின்ட், ஸ்டீல் உருட்டும்போது வருகிற கனக் கூடுதல், எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். போதாக்குறைக்குப் பல எடை மேடைகள் பத்துப் பத்தாகத்தான் காட்டும். டிராயிங் எடைக்குப் பணம் என்பது பேச்சாக இருந்தால் 533.55 கேளுங்கள், நியாயம் உங்கள் பக்கம். ஆனால் பழைய ஷீட்டை எடுத்துவிட்டுப் புதியதைச் சத்தமில்லாமல் செருகாதீர்கள். ரிவிஷன் எண்ணை ஏற்றி, "வரி 6 எடை மொத்தத்தில் சேரவில்லை, திருத்தப்பட்டது" என்று ரிவிஷன் கட்டத்தில் எழுதி, எட்டு வரியின் கணக்கையும் தனித்தாளில் கொடுங்கள். மேடைச் சீட்டும் கூடவே இருக்கட்டும். 345 கிலோ ஸ்டாண்டு எப்படி 540 காட்டும் என்று அவரே யோசிப்பார். 2 மீட்டர் சதுரத்தில் 6 எம்.எம். தட்டு கண்ணெதிரே நிற்கிறது, அதற்கு எடையே இல்லை என்று யாரும் வாதாட முடியாது.

கேள்வி: கஸ்செட்டுக்கு மூலையை வெட்டித்தான் போடுகிறோம். பட்டியலில் முழுச் சதுரமாக எடை போட்டால் வாடிக்கையாளர் குறைக்கிறார், வெட்டியதைக் கழித்துப் போட்டால் எங்களுக்கு நஷ்டம். எது முறை? இன்னொன்று, ஐ.எஸ்.எம்.சி. 100க்கு எங்கள் பழைய புத்தகத்தில் 9.2 என்று இருக்கிறது, நீங்கள் எல்லா இடத்திலும் 9.56 என்கிறீர்களே?
(நெல்லிக்குப்பம் வாசகர்)

பதில்: மேலே உள்ள ஸ்டாண்டையே எடுத்துக்கொள்வோம். 150க்கு 150, 8 எம்.எம். கஸ்செட் முழுச் சதுரமாக 1.413 கிலோ, பதினாறுக்கு 22.61. ஒரு மூலையில் 100க்கு 100 முக்கோணம் வெட்டினால் ஒன்றுக்கு 0.314 போய், பதினாறுக்கு 17.58தான். 5 கிலோ வித்தியாசம். ஒரு ஸ்டாண்டில் ஒன்றுமில்லை, குழாய்களைத் தாங்கும் ஒரு பைப் ரேக் முழுக்க என்றால் சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிடும்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பில் கஸ்செட்டை முழுச் சதுர அளவாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது, சாய்வாக வெட்டியதற்குக் கழிவும் கிடையாது. அதே கையோடு வெல்டிங் உலோகத்துக்குத் தனியாக எடை சேர்க்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்வது போல. தனியார் கம்பெனிகளுக்கு இது சட்டம் இல்லை. அதனால் எந்த முறை என்பது வேலை உத்தரவிலேயே ஒரு வரியாக இருக்க வேண்டும். பேச்சு முடிந்து, பொருள் லாரி ஏறிய பிறகு இதை எடுத்தால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். என் கருத்தைக் கேட்டால் முழுச் சதுரம்தான் நியாயம், ஏனென்றால் வெட்டிய மூலையையும் நீங்கள்தான் காசு கொடுத்து வாங்கினீர்கள், அது ஸ்கிராப் விலைக்குத்தான் போகும்.

9.2 பழைய கணக்கு. ஐ.எஸ். 808 தரநிர்ணயத்தின் 1989 திருத்தத்தில் அது 9.56 ஆனது. எல்லாமே ஏறியது என்று நினைத்துவிடாதீர்கள், ஐ.எஸ்.எம்.பி. 200 பீம் முன்பு 25.4, பிறகு 24.2, அது இறங்கியது. பட்டறையில் பாதிப் பேர் பழைய புத்தகம், பாதிப் பேர் புதியது என்றால், ஒரே ஸ்டாண்டுக்கு இரண்டு மொத்தம் வரும். மேலே சொன்னதில் சேனல் மட்டும் 20 மீட்டர், 9.2 என்று போட்டிருந்தால் 7.2 கிலோ காணாமல் போயிருக்கும். மீட்டர் எடையைப் பட்டியலிலேயே ஒரு நெட்டு வரிசையாக வைத்துவிடுங்கள். ஒன்றின் எடை அதையும் நீளத்தையும் பெருக்கித் தானாக வரட்டும். எந்தப் புத்தகத்துக் கணக்கு என்பது பார்த்ததும் தெரிந்துவிடும்.

கேள்வி: புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பாத்திரங்கள் செய்கிறோம். சமீபத்தில் சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி மென்பொருளுக்கு மாறினோம். எடை எல்லாமே தானாக வரும் என்று சொன்னார்கள். 600 எம்.எம். விட்டம், 12 எம்.எம். கனம் உள்ள 304 ரக எஸ்.எஸ். மூடிக்குப் பட்டியலில் 3.39 கிலோ என்று வருகிறது. அந்த மூடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்! இன்னொரு பாகத்துக்கு 850 என்று வருகிறது, அது ஒரு கைப்பிடி.
(மேட்டுப்பாளையம் வாசகி)

பதில்: அந்த மூடி தண்ணீரால் செய்தது, அதனால்தான் லேசாக இருக்கிறது.

கேலி இல்லை. பாகத்துக்கு மெட்டீரியல் கொடுக்காமல் விட்டால் சாலிட்வொர்க்ஸ் அடர்த்தியை கன மீட்டருக்கு 1000 கிலோ என்று எடுத்துக்கொள்ளும், அது தண்ணீரின் அடர்த்தி. உங்கள் மூடியின் கன அளவை 1000ஆல் பெருக்கினால் சரியாக 3.39. மெட்டீரியல் பட்டியலில் ஏ.ஐ.எஸ்.ஐ. 304ஐக் கொடுங்கள், அதில் அடர்த்தி 8000, எடை 27.14 ஆகிவிடும். எம்.எஸ். பாகமாக இருந்தால் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்குதான் காட்டும். ஆகவே பட்டியலில் ஒரு பாகம் "எட்டு மடங்கு லேசாக இருக்கிறதே" என்று தோன்றினால் வேறெங்கும் தேட வேண்டாம், நேராக மெட்டீரியலுக்குப் போங்கள். பட்டியலிலேயே மெட்டீரியல் என்று ஒரு நெட்டு வரிசை வைத்தால், அது காலியாக உள்ள வரி பல்லிளித்துக்கொண்டு நிற்கும்.

850 வந்த கைப்பிடி வேறு கதை. அது 850 கிராம். எடைக்கான அலகு ஒவ்வொரு பாகத்தின் ஃபைலிலும் தனித்தனியாக இருக்கிறது. ஒருவர் கிராம் டெம்ப்ளேட்டில் பாகம் போட்டிருப்பார், இன்னொருவர் கிலோ டெம்ப்ளேட்டில். பட்டியலுக்கு வரும்போது வெறும் எண்தான் வரும், அலகு வராது. 27.14ஐயும் 850ஐயும் கூட்டி 877.14 என்று காட்டும், கூசாமல். எல்லாப் பாகத்தையும் ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து தொடங்குவதுதான் இதற்கு வழி. பழைய பாகங்களைத் திறந்து யூனிட்ஸை மாற்றிச் சேமியுங்கள், வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் வரும் எடை ஒன்றின் எடை. எண்ணிக்கையால் பெருக்கிய மொத்தம் வேண்டுமானால் இன்னொரு நெட்டு வரிசை சேர்த்து அதற்குச் சமன்பாடு கொடுக்க வேண்டும். அப்புறம் மோட்டார், கியர்பாக்ஸ் மாதிரி விலைக்கு வாங்குகிற சாமான்களை வெளித்தோற்றம் மட்டும் வருகிற மாதிரி திடமான கட்டியாக வரைந்திருப்பீர்கள். அதற்கு ஸ்டீல் என்று மெட்டீரியல் கொடுத்தால் உள்ளே காற்று இருக்க வேண்டிய இடமெல்லாம் இரும்பாகி எடை தாறுமாறாக ஏறும். அந்தப் பாகங்களுக்கு மாஸ் பிராப்பர்ட்டீஸில் ஓவர்ரைட் என்ற வசதியில் கம்பெனி கேட்டலாக்கில் உள்ள எடையைக் கையால் கொடுப்பதுதான் சரி. மற்ற எல்லா இடத்திலும் கையால் தட்டாதே என்கிற நான், இங்கே மட்டும் தட்டச் சொல்கிறேன்.

கேள்வி: கைப்பிடிக் கம்பி, அதாவது ஹேண்ட்ரெயில் வேலை. தூண், பிராக்கெட், எண்டு கேப் எல்லாம் ஆட்டோகேடில் பிளாக்காக (ஒரு தடவை வரைந்து பல இடத்தில் வைக்கும் உருவம்) வைத்து, ஒவ்வொன்றிலும் எடையை அட்ரிபியூட்டாக (பிளாக்கோடு ஒட்டிய தகவல்) கொடுத்திருக்கிறேன். இருநூறுக்கு மேல் பிளாக் இருக்கின்றன. எண்ணி எண்ணிப் பட்டியல் போட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு எண்ணிக்கை வருகிறது.
(சேதராப்பட்டு வாசகர்)

பதில்: டேட்டா எக்ஸ்ட்ராக்ஷன் கட்டளை உங்களுக்காகவே செய்த மாதிரி. பிளாக்குகளைத் தேர்ந்தெடுத்து, பெயரும் எடையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி வரிகளைச் சேர்க்கச் சொன்னால் எண்ணிக்கை தானாக வந்துவிடும். அதன் மேல் எண்ணிக்கையையும் எடையையும் பெருக்கும் ஃபார்முலா வரிசை ஒன்று சேர்க்கலாம், கடைசியில் டோட்டல்ஸ் ஃபூட்டர் என்று மொத்தமும் போட்டுக்கொள்ளலாம்.

அந்த ஃபூட்டர் மெனு மங்கலாக இருந்து தேர்ந்தெடுக்க முடியாமல் போனால் பதறாதீர்கள். அட்ரிபியூட் என்பது பிறவியிலேயே எழுத்து. எடை வரிசையின் தலைப்பில் வலது கிளிக் செய்து டேட்டா ஃபார்மட்டை எண்ணுக்கு மாற்றினால்தான் கூட்டவோ பெருக்கவோ விடும். முதல் கடிதத்தில் பார்த்த அதே நோய்தான், இங்கே மென்பொருளே மருந்தை முதலிலேயே கேட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

ஒரே தூண் பட்டியலில் இரண்டு வரியாக வருகிறதா? ஒரு பிளாக்கில் 2.5 என்றும் மற்றொன்றில் 2.50 என்றும் தட்டியிருப்பீர்கள். நமக்கு ஒன்று, அதற்கு வெவ்வேறு. எடை மாறவே மாறாத பிளாக்குக்கு அட்ரிபியூட்டை கான்ஸ்டன்ட் என்று வைத்துவிட்டால் யாரும் மாற்றித் தட்ட வழியில்லை. டிராயிங்கில் தூண் கூட்டினாலோ எடுத்தாலோ பட்டியல் தானாக மாறாது, டேபிளைத் தேர்ந்தெடுத்து டேட்டா லிங்கைப் புதுப்பிக்க வேண்டும். வசதி குறைந்த பதிப்பான ஆட்டோகேட் எல்.டி. வைத்திருந்தால் இந்தக் கட்டளை கிடையாது. எண்டு கேப் மாதிரி சின்னச் சாமானுக்கு எடையை மூன்று தசமத்தில் கொடுங்கள். 0.046 கிலோ உள்ளதை 0.05 என்று கொடுத்து நூறால் பெருக்கினால் 4.6க்குப் பதில் 5 வரும். இரண்டு தசமமாகச் சுருக்குவதை மொத்தத்தில் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: பாலிடெக்னிக் இறுதியாண்டு படிக்கிறேன். இவ்வளவு கஷ்டப்படுவதற்கு எக்செல்லில் கணக்குப் போட்டு டிராயிங்கில் ஒட்டிவிட்டால் முடிந்ததே? அப்புறம் ஒரு சந்தேகம், கிரேன் கூப்பிடும்போது இந்த மொத்த எடையைச் சொன்னால் போதுமா?
(புதுச்சேரி, லாஸ்பேட்டை மாணவி)

பதில்: ஒட்டலாம், தப்பில்லை. ஆனால் எப்படி ஒட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. சும்மா காப்பி எடுத்து ஆட்டோகேட் டேபிளாக ஒட்டினால் எண்கள் வரும், எக்செல்லோடு தொடர்பு வராது. பிறகு எக்செல்லில் ஒன்றும் டிராயிங்கில் ஒன்றுமாக இரண்டு உண்மை இருக்கும். டேட்டா லிங்க் கொடுத்து இணைத்தால் எக்செல்லில் திருத்தியதை டேபிளில் புதுப்பித்துக்கொள்ளலாம். ஃபைலை வேறு ஃபோல்டருக்கு மாற்றாமல் இருக்கிற வரையில் அது நன்றாகவே ஓடும். நூறு வரிக்கு மேல் போகிற பட்டியலுக்கு நானும் எக்செல்தான்.

கிரேனுக்குப் போதாது. பில்லுக்கு ஒரு எடை, தூக்குவதற்கு வேறு எடை. பில் எடையில் வெல்டிங் கிடையாது, பெயின்ட் கிடையாது, கால்வனைஸ் செய்தால் ஒட்டுகிற துத்தநாகம் கிடையாது. நம் பக்கத்து உப்புக் காற்றுக்கு இப்போது எல்லோரும் கால்வனைஸ்தான் கேட்கிறார்கள். 5 எம்.எம்.க்கு மேற்பட்ட கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம் பூச வேண்டும் என்பது கணக்கு. மேலே சொன்ன ஸ்டாண்டின் மேல் தட்டு ஒன்றுக்கே இரண்டு பக்கமும் சேர்த்து 8 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 4.9 கிலோ. இதெல்லாம் போக, ஸ்டாண்டோடு தொட்டி, தொட்டிக்குள் மிச்சத் தண்ணீர், சங்கிலி, ஷேக்கிள், ஸ்பிரெடர் பீம் எல்லாம் கொக்கியில் தொங்கும்.

இதில் நான் மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பட்டறையில், கிரேன்காரருக்கு எடை சொல்லச் சொன்னார்கள். நான் பட்டியலில் கடைசி நெட்டு வரிசையை விட்டுவிட்டு அதற்கு முந்தியதைக் கூட்டிச் சொல்லிவிட்டேன், அதாவது ஒன்றின் எடைகளை மட்டும். எண்ணிக்கையால் பெருக்காத எடைகளின் மொத்தத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது, ஆனால் பார்க்க மொத்தம் மாதிரியே இருக்கும். மேலே உள்ள ஸ்டாண்டில் அப்படிச் செய்தால் 533.55க்குப் பதில் 262.47 வரும், பாதிக்கும் கீழே. கிரேன் ஆபரேட்டர் வயதானவர். பொருளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார், காலில் இருந்த சேனலை எண்ணினார், "தம்பி, யார் போட்ட கணக்கு இது?" என்று கேட்டுவிட்டு, கிரேனின் நீண்ட கையான பூமை உள்ளே இழுத்துக்கொண்டு, அரை அடி மட்டும் தூக்கி நிறுத்தி, அவர் மீட்டரில் எடையைப் பார்த்தார். அப்புறம்தான் முழுசாகத் தூக்கினார். அன்று மாலை டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து ஒன்றின் எடை வரிசையின் அடியில் உள்ள கட்டத்தைக் கோடு போட்டு அடைத்துவிடுகிறேன், அங்கே யாரும் கூட்ட முடியாதபடி.